வீட்டுக் கடனில் தத்தளிப்போருக்கு அரசு எப்படிக் கைகொடுக்க வேண்டும்? நீலகிரியிலிருந்து ஓர் ஒப்பீடு

கோத்தகிரி வட்டாரத்தில் வீடு கட்டக் கடன் வாங்கிவிட்டு இப்போது தவணை கட்ட வழியின்றி நிற்கும் குடும்பங்களுக்காக அரசிடம் மனு கொடுப்பது என்று எங்கள் ஊர்ச் சங்கம் முடிவெடுத்திருக்கிறது. மனு கொடுப்பதில் யாருக்கும் மறுப்பில்லை; அதில் எதைக் கேட்பது என்பதில்தான் இன்னும் ஒத்த கருத்து ஏற்படவில்லை. கடனை அடியோடு தள்ளுபடி செய்யச் சொல்லலாம் என்கிறது ஒரு தரப்பு. ஓராண்டுக்குத் தவணையை நிறுத்திவைத்தால் போதும் என்கிறது மற்றொரு தரப்பு. வட்டியை அரசு ஏற்க வேண்டும் என்போரும் உண்டு. வங்கியே கடனைத் திருத்தி அமைத்துக் கொடுக்கட்டும், அரசு இதில் நுழைய வேண்டியதில்லை என்போரும் உண்டு. இத்தனைக்கும் நடுவே, வாடகை வீட்டில் குடியிருக்கும் உறுப்பினர் ஒருவர், “வீடு வைத்திருப்பவருக்கு உதவி என்றால், வீடே இல்லாத எங்களுக்கு என்ன?” என்று கேட்டார். கூட்டத்தில் அதற்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திராத எந்தக் கோரிக்கையும் நியாயமானதாக இருக்க முடியாது என்று நான் கருதுவதால், ஒவ்வொரு வழியையும் அதன் முன் நிறுத்தியே இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில் இங்குள்ள சிக்கல் எப்படி உண்டாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மலையில் வீட்டுக் கடன் கட்டுவோரில் மாதச் சம்பளக்காரர் ஒரு பங்குதான். மீதிப் பேர் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயிகள், சுற்றுலா வண்டி ஓட்டுபவர்கள், வீட்டின் ஒரு பகுதியைத் தங்கும் விடுதியாக விடுபவர்கள், கடை வைத்திருப்பவர்கள். இவர்களுடைய வருமானம் மாதந்தோறும் ஒரே அளவில் வருவதில்லை. மழைக்குப் பின் கொழுந்து பெருகும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனியில் செடி கருகி, பறிக்க இலையே இராது. பச்சைத் தேயிலையின் விலையும் விவசாயியின் கையில் இல்லை. கட்டுப்படியாகும் குறைந்தபட்ச விலை கேட்டு 2023 செப்டம்பரில் கோத்தகிரி பகுதியில் தொடர் உண்ணாவிரதம் நடந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுற்றுலாவை நம்பியவர்களுக்கு வேறொரு நெருக்கடி. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் 1 முதல் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வரம்பு விதிக்கப்பட்டது. மலை தாங்கும் அளவுக்குத்தான் வண்டிகள் வர வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் எல்லோருக்கும் பயன்படும் ஒரு கட்டுப்பாட்டின் செலவு, வண்டிக்கும் வீட்டுக்கும் சேர்த்துத் தவணை கட்டும் சில குடும்பங்களின் மேல் மட்டும் விழுவது சரியா என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

வட்டி ஏறியது இதற்கு மேல் வந்த சுமை. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் வழங்கும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதம்) போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டன. 2022 மே மாதம் வரை 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரிக்குள் 6.50 சதவீதமாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு 20 லட்ச ரூபாய்க் கடன், 7 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை 15,506 ரூபாய். அதே கடனுக்கு வட்டி 9.5 சதவீதமானால் தவணை 18,643 ரூபாய். தவணையை உயர்த்தாமல் ஆண்டுகளை மட்டும் நீட்டலாம் என்று பார்த்தால், 20 லட்சத்துக்கு 9.5 சதவீதத்தில் ஒரு மாத வட்டியே 15,833 ரூபாய். பழைய தவணை அந்த வட்டிக்குக்கூடப் போதாது. 2025-இல் ரெப்போ குறையத் தொடங்கியது உண்மைதான். ஆனால் இடைப்பட்ட காலத்தில் நீண்டுபோன கடன் ஆண்டுகளும், விடுபட்ட தவணைகளின் மேல் ஏறிய கட்டணங்களும் தாமாகக் குறைந்துவிடுவதில்லை.

எங்கள் பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊரில்) ஒருவர் தம் கடன் கணக்கு விவரத்தாளைக் கொண்டுவந்து காட்டினார். தவணைக்குப் பணம் எடுக்கும் நாள் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி. தொழிற்சாலைக்குக் கொடுத்த இலைக்கான பணமோ அடுத்த மாதத்தில், 5-ஆம் தேதி கடந்த பிறகுதான் அவருடைய கணக்குக்கு வருகிறது. ஆகவே பணம் இல்லையென்று தவணை திரும்புகிறது. திரும்பியதற்கு 500 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 90 ரூபாய், ஆக 590 ரூபாய் பிடிக்கப்படுகிறது. தாமதத்துக்கு அபராதம் தனியாக விழுகிறது. பத்துப் பன்னிரண்டு நாட்களில் அவரே தவணையைக் கட்டிவிடுகிறார். தாளில் 590 என்ற எண் வரிசையாக நிற்கிறது. இவருக்குத் தள்ளுபடி தேவையில்லை, ஒத்திவைப்பும் தேவையில்லை. தவணைத் தேதியை 20-க்கு மாற்றி, பனிக்காலத் தவணையைக் குறைத்துக் கொழுந்துக் காலத் தவணையைக் கூட்டிக் கொடுத்தால் அவர் நிமிர்ந்துவிடுவார். பயிர்க் கடனைத் திருப்பிக் கட்டும் காலத்தை அறுவடையோடு சேர்த்து வகுக்கும் வங்கிகள், அதே விவசாயியின் வீட்டுக் கடனில் மட்டும் அவரை மாதச் சம்பளக்காரராகக் கருதுகின்றன. அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லாத இந்த மாற்றத்தை மனுவின் முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும். வாடகைதாரருக்கும் இதில் குறை சொல்ல இடமில்லை, ஏனென்றால் யாருடைய பணமும் யாருக்கும் போகவில்லை.

இனி முழுத் தள்ளுபடி. தமிழ்நாட்டில் கடன் தள்ளுபடிக்கு நீண்ட வரலாறு உண்டு. ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு 1938-இல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நிலுவையிலிருந்த வட்டியை ரத்து செய்தது. அசலைப் போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்துவிட்டதாக அறிவித்தது. அன்று கடன் கொடுத்தவர் பெரும்பாலும் வட்டித் தொழில் செய்த தனியார். வட்டிமேல் வட்டியாக அசலைப் பலமடங்கு கறந்த பிறகும் நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள் அவர்களில் இருந்தார்கள். அந்தச் சூழ்நிலையில் அந்தச் சட்டம் நியாயமானது. இன்று வீட்டுக் கடனாகப் போகும் பணம் வைப்புத்தொகை வைத்தவர்களுடையது. குன்னூரில் ஓய்வூதியத்தோடு வைப்பு வட்டியையும் சேர்த்துக் காலம் தள்ளும் முதியவரின் பணமும் அதில் இருக்கிறது. வங்கி இழப்பை ஏற்றால் அது அவர் வரையில் போகும். அரசு ஏற்றால், சோப்பு முதல் சிமெண்ட் மூட்டை வரை எதையாவது வாங்கி வரி செலுத்தும் எல்லோர் மேலும், அந்த வாடகைதாரர் உட்பட, விழும்.

தள்ளுபடியில் வேறொரு குறையும் உண்டு: அது ஒரு தேதியை வைத்துக் கோடு கிழிக்கிறது. 2021-இல் கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து சவரன் வரையிலான நகைக் கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டபோது, பல சங்கங்களில் ஒரே குடும்பம் பல கடன்கள் வாங்கியிருந்ததும் வேறு முறைகேடுகளும் ஆய்வில் தெரியவந்தன. அதைவிட எனக்கு வேதனை தந்தது, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி முந்தைய மாதமே நகையை மீட்டவர்களுக்கு ஒன்றுமில்லாமல் போனதுதான். வீட்டுக் கடனில் இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகிவிடும். பிள்ளைகளைத் தனியார் பள்ளியிலிருந்து மாற்றி, வண்டியை விற்று, தவணையைத் தவறாமல் கட்டியவருக்கு எதுவும் கிடைக்காது. கட்டாமல் காத்திருந்தவருக்கு 20 லட்சம் மதிப்புள்ள வீடு கடனின்றிக் கிடைக்கும். அரசின் பணத்தில் ஒருவருக்குச் சொத்து சேர்வதை நிவாரணம் என்று நம்மால் வாதாட முடியாது. பெரிய கடன் வாங்கியவருக்குப் பெரிய உதவி, சிறிய கடன் வாங்கியவருக்குச் சிறிய உதவி என்று அது தலைகீழாகவும் நிற்கும்.

ஆனாலும் தள்ளுபடியை மனுவிலிருந்து முழுவதுமாக நீக்குவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். வீடே போய்விட்டால் என்ன செய்வது? 2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரி முழுவதும் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வீடுகள் மண்ணோடு போயின. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. கூடலூருக்கு அப்பால் வயநாட்டில், 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்தபோது, வீடும் நிலமும் ஆற்றோடு போன பின்பும் அவற்றின் மேல் வாங்கிய கடன் மட்டும் வங்கிப் பேரேட்டில் உயிரோடு இருந்தது. இறந்தவர்களும், அடமானம் வைத்த சொத்தை இழந்தவர்களும் தன் சூரல்மலைக் கிளையில் வாங்கியிருந்த கடன்களைக் கேரள வங்கி தள்ளுபடி செய்தது. பிற வங்கிகளின் கடன்கள் குறித்துக் கேரள உயர் நீதிமன்றம் ஒன்றிய அரசிடம் மீண்டும் மீண்டும் கேட்டது. பெரும் பேரிடரில் கடன் நிவாரணத்துக்குப் பரிந்துரைக்கும் அதிகாரத்தை வழங்கிய பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு 2025-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது என்பதே ஒன்றிய அரசு தந்த பதில்களில் ஒன்று. மலையில் வாழும் நமக்கு இது அடுத்த மாநிலத்துச் செய்தி அல்ல. சரிவில் கட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் இது பொருந்தும். இப்படிப்பட்ட இடத்தில் கடனைத் தள்ளுபடி செய்தால் யாருக்கும் சொத்து சேர்வதில்லை. இல்லாத ஒன்றுக்கு இருபது ஆண்டு பணம் கட்டும் கொடுமை நிற்கிறது, அவ்வளவே. ஆகவே வீடு அழிந்த இடத்தில் தள்ளுபடி, வீடு நிற்கும் இடத்தில் வேறு வழி என்று பிரிப்பதே முறை.

தவணை ஒத்திவைப்பு கேட்பதற்கு எளிது. சங்கத்தில் அதிகம் பேர் விரும்புவதும் இதைத்தான். ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று மூன்று மாத ஒத்திவைப்பை அறிவித்து, பிறகு அதை அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 வரை நீட்டியதை நாம் எல்லோரும் கண்டோம். மலைக்கு ஒரு சுற்றுலாப் பயணியும் வராத அந்த மாதங்களில் அது பலருடைய வீட்டைக் காப்பாற்றியது என்பதை மறுக்க முடியாது. அதற்கு எவ்வளவு விலை கொடுத்தோம் என்பதைத்தான் பலர் கணக்குப் பார்க்கவில்லை. இருபது ஆண்டுகள் பாக்கியுள்ள 20 லட்ச ரூபாய்க் கடன், 8 சதவீத வட்டி, மாதத் தவணை 16,729 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கட்டாமல் விட்டால் சேரும் வட்டி ஏறத்தாழ 81,345 ரூபாய். அது அசலோடு சேர்கிறது. பிறகு அதே தவணையைக் கட்டிவந்தால், 240 மாதங்களில் முடிய வேண்டிய கடன் முடிய, மீண்டும் கட்டத் தொடங்கியதிலிருந்து 266 மாதங்கள் ஆகும். ஆறு தவணைகளை நிறுத்தியதற்காக அந்த ஆறும் போக, மேலும் இருபத்தாறு தவணைகள், அதாவது நான்கு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல், கூடுதலாகக் கட்ட நேர்கிறது. ஓராண்டு ஒத்திவைப்பு என்றால் கூடுதல் தவணைகள் ஐம்பத்தொன்பது. இருபது ஆண்டுகள் கழித்துக் கொடுக்கும் ரூபாய்க்கு இன்றைய மதிப்பு இராது என்பது சரியே. அப்படிக் கழித்துப் பார்த்தாலும், ஐம்பது வயதில் கடன் வாங்கியவருக்கு இது உழைக்கும் வயதுக்குள் முடியாத சுமை.

அந்த ஒத்திவைப்புக் காலத்துக்கு அரசு தந்த உதவியின் அளவையும் பார்க்க வேண்டும். ஒத்திவைப்புக் காலத்து வட்டியை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோது, 2020 அக்டோபரில், இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்குக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அரசே தரும் என்று அறிவிக்கப்பட்டது. மேலே சொன்ன 20 லட்சக் கடனுக்கு அந்த வித்தியாசம் சுமார் 1,345 ரூபாய். இரண்டு கோடிக் கடனுக்கு அதைப் போல் பத்து மடங்கு. சேர்ந்த 80,000 ரூபாய் வட்டியோ கடன்காரரின் தலையில் அப்படியே இருந்தது. இந்தத் திட்டத்தில் நியாயமாக அமைந்த அம்சம் ஒன்று உண்டு: ஒத்திவைப்பைப் பயன்படுத்தாமல் தவறாது கட்டிவந்தவர்களுக்கும் அதே அளவு தொகை தரப்பட்டது. 2021 மார்ச் 23 அன்று வந்த தீர்ப்பு, ஒத்திவைப்புக் காலத்தில் எந்தக் கடனுக்கும் வட்டிமேல் வட்டி வசூலிக்கக் கூடாது என்றது. வட்டியையே முழுவதும் தள்ளுபடி செய்யும் கோரிக்கையை ஏற்கவில்லை. எல்லாக் கடன்களுக்கும் அப்படிச் செய்தால் ஆறு லட்சம் கோடி ரூபாய் தேவைப்படும் என்று அரசு நீதிமன்றத்தில் கூறியிருந்தது. எனவே வெறும் ஒத்திவைப்பைக் கேட்டுப் பெற்றுக்கொண்டு, அரசு நமக்கு உதவிவிட்டது என்று நாம் திரும்பி வருவது சரியாகாது. அதில் அரசு தருவது அனுமதி மட்டும். பணம் தருவது, பிற்காலத்தில், நாமேதான்.

வருமான வரிச் சலுகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக் கடனின் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிக்கலாம். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் உள்ளவருக்கு மட்டுமே அது உதவும். பச்சை இலை விற்று வாழும் சிறு விவசாயிக்கு வருமான வரியே இல்லாததால் அந்தச் சலுகையும் இல்லை. தடுமாறாதவருக்கு உதவி, தடுமாறுபவருக்கு ஒன்றுமில்லை என்ற முறை ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது என்பதற்குச் சான்றாக மனுவில் ஒரு வரி எழுதினால் போதும். 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டமும், 25 லட்சம் வரையிலான கடனில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம் தருகிறது. நல்ல திட்டம்தான், ஆனால் அது புதிதாக வீடு வாங்குவோருக்கானது. ஏற்கெனவே வாங்கி வருமானம் இழந்தவரைக் கைதூக்கிவிட அது வகுக்கப்படவில்லை.

வங்கியே மறுசீரமைத்துத் தருவது என்ற வழிக்கு வருவோம். தொண்ணூறு நாள் தவணை நின்றால் கடன் வாராக்கடனாகிறது. பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி அறுபது நாள் அறிவிப்பு, அதற்குப் பிறகு சொத்தைக் கையகப்படுத்துதல், பின் முப்பது நாள் அறிவிப்புடன் ஏலம். வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டி நாளிதழில் விளம்பரம் வந்த பிறகு, நூறு வீடுகள் உள்ள ஒரு ஹட்டியில் அந்தக் குடும்பம் எப்படித் தலைகாட்டும்? அந்த அவமானத்துக்கு அஞ்சியே பலர் நகையை அடகு வைத்தும், நுண்கடன் குழுக்களில் கூடுதல் வட்டிக்கு வாங்கியும் வீட்டுத் தவணையைக் கட்டுகிறார்கள். வீட்டுக் கடன் ஒழுங்காக இருப்பதாக ஏடு சொல்லும், குடும்பம் வேறு பக்கம் மூழ்கிக்கொண்டிருக்கும். வாராக்கடனாகும் முன்பே பேச்சு நடக்க வேண்டும் என்பதால், பிரிட்டனில் 2023 ஜூனில் அரசும் கடன் நிறுவனங்களும் செய்துகொண்ட உடன்பாடு நமக்குப் பயன்படும்: முதல் தவணை தவறிய நாளிலிருந்து ஓராண்டுக்கு, வீட்டுக்காரர் சம்மதமின்றி வீட்டை எடுப்பதில்லை, ஆறு மாதம் வரை வட்டி மட்டும் கட்டலாம். இதையும் மனுவில் சேர்க்கலாம். ஆனால் வருமானம் பாதியாகிவிட்டவருக்கு வட்டி கட்டவும் வழியிராது. அவருக்கு மறுசீரமைப்பு என்பது சிறிது காலம் தள்ளிப்போடும் ஏலம்தான்.

அமெரிக்காவில் பெருமந்தக் காலத்தில், 1933-இல், அரசே ஒரு கழகம் அமைத்து, மூழ்கிக்கொண்டிருந்த சுமார் பத்து லட்சம் வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கி, வட்டியைக் குறைத்துக் காலத்தை நீட்டிக் கொடுத்தது. அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வீடுகள் அப்படியும் கைநழுவின. எஞ்சியவர்கள் கட்டி முடித்தார்கள். 1951-இல் கணக்கு முடித்தபோது கழகத்துக்குச் சிறு உபரியே இருந்தது. உதவியைத் திரும்பப் பெறும் வகையில் வகுத்தால் அரசின் கருவூலம் காலியாகிவிடாது என்பதை இது காட்டுகிறது.

நான் ஆதரிக்கும் வழி இந்த வகையைச் சேர்ந்ததே. பிரிட்டனில், வேலையோ வருமானமோ இழந்து அரசு உதவித்தொகையில் இருப்பவரின் வீட்டுக் கடன் வட்டியை, ஒரு வரம்புக்குள், அரசே கடன் நிறுவனத்துக்குச் செலுத்தும் ஏற்பாடு உண்டு. 2018 ஏப்ரல் வரை அது மானியமாக இருந்தது. அதன் பிறகு, வீட்டின் மேல் எழுதிவைக்கும் கடனாக மாற்றப்பட்டது. மாதந்தோறும் திருப்ப வேண்டியதில்லை. வீட்டை விற்கும்போதோ கைமாற்றும்போதோ வட்டியுடன் திருப்ப வேண்டும். விற்ற பணத்தில் மற்றக் கடன் போக மிச்சம் போதவில்லை என்றால் மீதி விட்டுக்கொடுக்கப்படும். அரசு தருவது வட்டிக்கு மட்டும், அசலுக்கு இல்லை. ஆகவே அரசின் பணத்தில் யாருக்கும் சொத்து சேர்வதில்லை. வீடு மட்டும் கைவிட்டுப் போகாமல் நிற்கிறது.

நம் கணக்கில் இதை வைத்துப் பார்க்கலாம். 20 லட்சக் கடனுக்கு 8 சதவீதத்தில் ஓராண்டு வட்டி 1,60,000 ரூபாய். அதை அரசு கட்டினால் அசல் ஏறாமல் 20 லட்சத்திலேயே நிற்கும், கணக்கு வாராக்கடனாகாது, அடுத்த ஆண்டு அவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அரசு தன் பணத்துக்கு ஆண்டுக்கு 4 சதவீதத் தனி வட்டி கேட்டால்கூட, பத்து ஆண்டுகள் கழித்து அவர் திருப்ப வேண்டியது 2,24,000 ரூபாய். ஓராண்டு ஒத்திவைப்பின் ஐம்பத்தொன்பது கூடுதல் தவணைகளோ ஒன்பது லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டும்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகள் இலேசானவை அல்ல. பிரிட்டனில் மானியம் கடனாக மாறியபோது, அதுவரை பெற்றுவந்தவர்களில் மிகப் பலர் விலகிக்கொண்டார்கள். வீட்டின் மேல் அரசுக்கு ஒரு பாத்தியதை எழுதிக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. இங்கும் வில்லங்கச் சான்றில் இன்னொரு வரி ஏறுவதை, மகளுக்குத் திருமணம் பேசும் வீட்டில் யாரும் எளிதில் ஏற்க மாட்டார்கள். ஹட்டிகளில் கூட்டுப் பட்டாவில் இருக்கும் வீடுகளுக்குப் பாத்தியதை எழுதுவது எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தையும் கேட்கும். இவற்றுக்கு நான் காணும் வழி, பாத்தியதையைப் பதியும் முத்திரைத் தீர்வையையும் கட்டணத்தையும் அரசு விட்டுவிடுவதும், வேறு வழியாக முன்கூட்டித் திருப்ப விரும்புவோருக்குச் சிறு தவணைகளில் வாய்ப்பளிப்பதும், கூட்டுப் பட்டா வீடுகளுக்கு மட்டும் இரு ஜாமீன்தாரர்களின் உறுதிமொழியை ஏற்பதும் ஆகும். தயங்குபவர்கள் தயங்கட்டும், திருப்பித் தரும் உறுதியோடு வருபவர்களை மட்டும் அடையும் உதவி, போலிகள் புக முடியாத உதவியாகவும் இருக்கும்.

இனி அந்த வாடகைதாரரின் கேள்வி. இந்த மாவட்டத்தில் வீட்டுக் கடன் என்பதே ஒருவகையில் வசதியின் அடையாளம். கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் 1969-ஆம் ஆண்டு ஜென்மம் (ஜமீன் போன்ற பழைய நில உரிமை) ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில், உரிமை முடிவாகாமல் சிக்கிய நிலங்களில் தலைமுறைகளாக வாழ்பவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் அவர்கள் வீட்டை எந்த வங்கியும் அடமானமாக ஏற்காது. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில் உழைத்தவர்கள் இருப்பது லைன் வீட்டில் (தோட்டம் தரும் வரிசைக் குடியிருப்பில்). பணிக்காலம் முடிந்தால் அதுவும் அவர்களுடையது இல்லை. தேயிலை விலை விழுந்தாலும் வண்டிகள் குறைந்தாலும் இவர்களுக்கும் வேலை நாட்கள் குறைகின்றன. வீட்டுக் கடன் உள்ளவருக்கு மட்டும் அரசு கைகொடுத்தால், கடன் கிடைக்கும் அளவுக்கு உயர்ந்தவர்களுக்கே உதவி, அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு இல்லை என்றாகும்.

ஆகவே நான் வைக்கும் அளவுகோல் இது: உதவி முடிந்த பிறகு சொத்து யார் கையில் மிஞ்சுகிறதோ அவர் அதைத் திருப்பித் தர வேண்டும், எதுவும் மிஞ்சாதவர் தர வேண்டியதில்லை. இதன்படி, வருமானம் இழந்த வீட்டுக்காரருக்கு ஓராண்டு வரை வட்டி, திருப்பும் கடனாக. அதே காரணத்தால் வருமானம் இழந்த வாடகைதாரருக்கு அதே உச்சவரம்புக்குள் வாடகை உதவி, திருப்ப வேண்டாத தொகையாக. வீட்டையே பேரிடரில் இழந்தவருக்குக் கடன் தள்ளுபடி. வாடகை உதவிக்கு வீட்டுக்காரர் எழுத்தில் ஒப்பந்தம் தர மாட்டார் என்று சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள். மின் இணைப்பு முகவரியும் குடும்ப அட்டையும் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையும் போதும் என்று விதி செய்யலாம்.

வரம்புகளில் நாம் கறாராக இருக்க வேண்டும். குடும்பம் குடியிருக்கும் ஒரே வீடு. 25 லட்சத்துக்கு மேற்படாத கடன். விடுதியாக மட்டும் நடத்தும் கட்டடங்களுக்கு இல்லை. வருமானம் குறைந்ததை நிரூபிக்க, சிறு தேயிலை விவசாயிக்குத் தொழிற்சாலையின் இலை ரசீதுகளும், வண்டி ஓட்டுநருக்கு உரிமமும் வங்கிக் கணக்கும் போதும். கடன் தவறியவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கூடவே கூடாது. அப்படி விதித்தால் தவணையைத் தவறவிடச் சொல்லிக் கொடுப்பதாகிவிடும். நகை அடகு வைத்துத் தவணை கட்டிக்கொண்டிருப்பவரும் விண்ணப்பிக்க முடிய வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் என் வாக்கு, தவணைத் தேதியையும் பருவத் தவணையையும் முதலாவதாகவும், ஓராண்டு ஏலப் பாதுகாப்பை இரண்டாவதாகவும், வட்டிக் கடனையும் வாடகை உதவியையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியாத ஒரே கோரிக்கையாக மூன்றாவதாகவும், பேரிடரில் அழிந்த வீடுகளின் கடன் தள்ளுபடியை நான்காவதாகவும் கொண்ட மனுவுக்கே. பேச்சுவார்த்தையில் அரசுத் தரப்பு ஏதாவது ஒன்றைக் குறைக்கச் சொன்னால், கடன் வரம்பை 25 லட்சத்திலிருந்து 15 லட்சமாகக் குறைத்துக்கொள்ள நான் சம்மதிப்பேன். வாடகைதாரருக்கான பகுதியை எடுத்துவிட்டு மனுவை ஏற்பதாகச் சொன்னால், கையெழுத்திட மாட்டேன்.